நண்டை எங்க ஒட்டணும்?

பதிவு எழுதி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கையே சொல்லிக்கிறேன். (எங்க ஊர்ல ஆணிக்கு வேற ஒரு அர்த்தம் உண்டு. நடுவுல வரும், பொறுங்க.) இந்தத் தடவை எழுத வச்சது சினிமாவும் இல்ல, அரசியலும் இல்ல. நாலு வயசுப் பையன் ஒருத்தனோட ஒர்க்‌ஷீட்.

போன மாசம் சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு கிடைச்சுது. எழும்பூர்ல முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி காலையில தூத்துக்குடியில இறங்கினேன். வீட்டுக்குள்ள கால வைக்கும்போதே அக்கா முகம் சரியில்ல. என்னன்னு கேட்டா ஒரு தாளை எடுத்து நீட்டுறா. மருமகன் படிக்கிற எல்.கே.ஜி.யில இருந்து வந்தது. தனியார் பள்ளிக்கூடம், பேரு வேண்டாம். தாள்ல ஆறு படம்: மீன், இறால், நண்டு, பஸ், கார், போட்டு. கீழ ரெண்டு கட்டம். படத்தை வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர்றதை ஒரே கட்டத்துக்குள்ள ஒட்டணும். அவ்வளவுதான் வேலை.

நம்மாளு ஒரு கட்டத்துல மீன், இறால், போட்டு மூணையும் ஒட்டியிருக்கான். இன்னொண்ணுல பஸ், கார். நண்டை மட்டும் ரெண்டு கட்டத்துக்கும் வெளியே, தாளோட ஓரத்துல, தனியா. போட்டு மேல ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, நண்டு மேல ஒண்ணு. அடியில 'கவனம் தேவை'ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. கூப்பிட்டு வேற சொன்னாங்களாம், பையனுக்கு வகை பிரிக்கத் தெரியல, வீட்ல கொஞ்சம் உக்காந்து சொல்லிக் குடுங்கன்னு.

அக்காவுக்கு வலிச்சது அந்தக் குறி இல்ல. "கடக்கரைப் பிள்ளைன்னா இவ்வளவுதான்னு நெனைச்சிருப்பாங்கடா"ன்னு சொன்னா பாருங்க, அதுதான். அத்தானுக்கு வள்ளம் இருக்கு. கடல்ல இருந்து வர்ற காசுலதான் அந்தப் பள்ளிக்கூடத்து ஃபீஸ் போகுது.

நான் பையனைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன்.

"ஏல, போட்டை ஏன்ல மீனுகூட ஒட்டுன?"

"போட்டு கடல்லதான மாமா போவும். பஸ்சு போனா முங்கிரும்."

"சரி, நண்டு?"

"நண்டு வலையக் கடிச்சிரும். அப்பா அதைத் தனியாத்தான் போடுவாவ."

வீட்ல எல்லாரும் சிரிச்சோம், அக்காவும் சேர்த்து. ஆனா சிரிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னா அவன் சொன்னதுல தப்பே இல்ல. கடல்ல போறது, ரோட்டுல போறது, இது ஒரு விதி. கையில எடுக்கும்போது தனியா வைக்க வேண்டியது, இது இன்னொரு விதி. உயிருள்ளது, வண்டின்னு ஒர்க்‌ஷீட் அச்சடிச்சவர் மனசுல இருந்த விதி மூணாவது. அந்த மூணாவதை யாரும் அவன்கிட்ட சொல்லவே இல்ல. அவனா கண்டுபிடிக்கணுமாம், கண்டுபிடிக்கலைன்னா கவனம் தேவையாம்.

மருமகனை ஒரேயடியாத் தூக்கி வச்சும் பேசமாட்டேன். நடுவுல விதியை மாத்தியிருக்கான். போட்டுக்கு 'எங்க போகும்'னு பார்த்தவன், நண்டுக்கு 'என்ன பண்ணும்'னு பார்த்திருக்கான். இது அந்த வயசுப் பிள்ளைங்க எல்லாருமே செய்யறது. எடுத்த விதியைக் கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டுப் போறது நாலு வயசுல கஷ்டம். (ப்ராஜெக்ட் நடுவுல ரிக்வயர்மென்ட்டை மாத்துற கிளையன்ட்டுக்கு அம்பது வயசுலயும் கஷ்டமா இருக்கு, அது வேற கதை :-)) ஆனா அதைச் சரி பண்ண பெருக்கல் குறி போதாது. "அப்ப நண்டு எங்கல போகும்? அதுவும் கடல்தானே?"ன்னு கேட்டாத்தான் அவன் யோசிப்பான். அந்த ஒரு கேள்விதான் அன்னைக்குப் பாடமே. அது நடக்கல.

எங்கம்மா பால்வாடி டீச்சர். அரசாங்கக் கணக்குல அங்கன்வாடிப் பணியாளர், ஊர்க் கணக்குல பால்வாடி டீச்சர். இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை. தாளை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "கேக்காமலே தப்புப் போட்டுட்டாங்க."

இந்த இடத்துல நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன். வகை பிரிக்கிறது எப்படின்னு தூத்துக்குடிக்காரனுக்கு வெளியூர் ஒர்க்‌ஷீட் சொல்லித் தரணுமாங்கிற கோபம் எனக்கு இருக்கு, மறைக்கல.

முத்துக்குளிப்புன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது மூச்சடக்கி முங்குறது. அதோட பாதி வேலை கரையில. எடுத்த முத்தை மொதல்ல சல்லடையில போடுவாங்க. பித்தளையில செஞ்ச சின்னக் கிண்ணம் மாதிரி பத்து சல்லடை, அடியில ஓட்டை. ஓட்டை எண்ணிக்கைதான் சல்லடையோட பேரு: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. இருபதாவது சல்லடையில ஓட்டை பெருசு, ஆயிரத்துல பொடிசு. ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஆட்டினா, பெரிய முத்து மேல தங்கும், சின்னது கீழ கீழ இறங்கிக்கிட்டே போகும். அடியில நிக்கிறது தூள். இதுக்குக் கண்ணு வேண்டாம், புத்தி வேண்டாம். ஆட்டத் தெரிஞ்சா போதும். ஓட்டை முடிவு பண்ணிடும்.

ஆனா வேலை அதோட முடியாது. ஒரே சல்லடையில தங்கின முத்தையெல்லாம் துணியில கொட்டி, ஒருத்தர் உக்காந்து கையால பிரிப்பார். நல்ல உருண்டையா? ஒளி எப்படி? நிறம்? தோல்ல கறை இருக்கா? உருட்சியும் ஒளியும் குறையில்லாம இருந்தா அதுதான் ஆணிமுத்து. (சொன்னேன்ல, எங்க ஊர் ஆணி. நம்ம ஆபீஸ்ல புடுங்குறது இல்ல.) இதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஓட்டை போட்ட சல்லடை கிடையாது. ஒருத்தர் பார்த்து, முடிவு பண்ணி, எதிர்ல இருக்கிற வியாபாரி 'ஏன்'னு கேட்டா பதில் சொல்லணும். அப்புறம் எடை, கழஞ்சு மஞ்சாடிக் கணக்குல. விலைக்குச் செவ்வுன்னு தனிக்கணக்கு. எடை இரண்டு மடங்கானா செவ்வு நாலு மடங்காகும், வர்க்கத்துல போகும். ரெண்டு சின்ன முத்து சேர்ந்தா ஒரு பெரிய முத்து ஆகாதுங்கிறதை எவ்வளவு அழகாக் கணக்காக்கியிருக்காங்க!

இந்தக் கண்ணு நேத்து வந்ததில்ல. சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரையைச் சுத்திப் பார்க்கிற ஊர்காண் காதையில, ரத்தினக் கடைத்தெருவுல முத்துக்கு என்னென்ன குற்றம் வரும்னு காற்று, மண், கல், நீர்னு பிரிச்சே சொல்லியிருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் குடுத்த நகைகளைப் பட்டியல் போடும்போது, ஒவ்வொரு நகையிலயும் எத்தனை முத்து, என்ன வகைன்னு எழுதி வச்சிருக்காங்க. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பட்டியல். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, உருண்டையில்லாததையெல்லாம் 'இதர'ன்னு ஒரு மூட்டையில கட்டிப் போடல. ஒட்டிப் பொறந்ததுக்கு இரட்டை, சொரசொரன்னு இருக்கிறதுக்கு கறடுன்னு தனித்தனியாப் பேரு வச்சிருக்காங்க. கட்டத்துக்குள்ள அடங்காததுக்குப் பெருக்கல் குறி போடல, புதுக் கட்டம் போட்டிருக்காங்க.

நான் தினமும் எழுதுற கோடுல எங்கேயும் பொருந்தாததைத் தள்ள 'அதர்ஸ்'னு ஒரு கிடங்கு இருக்கும். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா பாதி டேட்டா அதுக்குள்ளதான் கிடக்கும்.

இப்ப நான் சொல்ல வந்தது இதுதான். நம்ம எல்.கே.ஜி. ஒர்க்‌ஷீட்டுல முக்கால்வாசி, பிள்ளையைச் சல்லடையாத்தான் வச்சிருக்கு. ஓட்டையோட அளவை வேற யாரோ முடிவு பண்ணியாச்சு. சிவப்புக் கோப்பையில சிவப்பு, நீலத்துல நீலம். பிள்ளை ஆடினா போதும், சரியா விழுந்தா டிக். துணியை விரிச்சு உக்காந்து பார்த்துப் பிரிக்கிற அந்த ஆள் இருக்காரே, அந்த வேலையைப் பிள்ளைக்கு யாரும் குடுக்கிறதில்ல. கணக்குங்கிறது அந்த வேலையிலதான் தொடங்குது.

நானே இதுல அடி வாங்கினவன்தான். லீவுல ரெண்டாவது நாள், அம்மா அடுத்த வாரத்துக்குப் பாடத்திட்டம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' புத்தகம் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். தலைப்பு, பொருத்துதலும் வகைப்படுத்துதலும். விடுவேனா? லேப்டாப்பைத் திறந்து எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். நாள், நோக்கம், பொருள், செயல்பாடு, எதிர்பார்க்கிற விளைவுன்னு அஞ்சு பத்தி. முதல் நாளுக்கு பாட்டில் மூடி, மூணு நிறம், மூணு டப்பா. அம்மா சிரிச்சுக்கிட்டே "செஞ்சு பாரு"ன்னாங்க.

செஞ்சு பார்த்தேன். நாப்பது நிமிஷத்துக்குப் போட்ட திட்டம் நாலு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. பிள்ளைங்க எல்லாம் சரியாப் போட்டாங்க. போட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன். அப்புறம் மூடியை ரெண்டு கண்ணுலயும் ஒட்ட வச்சு பேய் விளையாட்டு ஆரம்பிச்சிருச்சு. என் ஷீட்டுல எல்லா டெஸ்ட் கேசும் பாஸ். யாரும் எதுவும் கத்துக்கல. ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் செஞ்சு காட்டினாங்க.

மறுநாள் அம்மா முறை. விடியக்காலையில கடற்கரைக்குப் போய் ஒரு உரச்சாக்குல கிடைச்சதையெல்லாம் அள்ளிட்டு வந்தோம். சிப்பி, சோழி, உடைஞ்ச சங்கு, கிளிஞ்சல், பவளத்துண்டு, ரெண்டு கண்ணாடிக் கல், ஒரு பழைய வலை மிதவை. அலசிக் காய வச்சு, பால்வாடித் திண்ணையில சாக்கை விரிச்சுக் கொட்டிட்டு அம்மா ஒண்ணும் சொல்லாம உக்காந்துக்கிட்டாங்க. எனக்குத்தான் பதற்றம். திட்டம் எங்க, நோக்கம் எங்க!

முதல் அரைமணி நேரம் வெறும் அள்ளுறதும் கொட்டுறதும்தான். அப்புறம் ஒருத்தி ரெண்டு சிப்பி ஓட்டை எடுத்து மூடிப் பார்த்தா. மூடல. வேற எடுத்தா, மூடல. அம்மா அப்பதான் வாயைத் திறந்தாங்க: "இதுக்கு ஜோடி எங்க இருக்குன்னு தேடு பாப்போம்." அவ்வளவுதான், பன்னெண்டு பிள்ளையும் ஜோடி தேட ஆரம்பிச்சிருச்சு. பொருத்துதல் பாடம் இதைவிட நல்லா நான் பார்த்ததில்ல. ஏன்னா ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கிறதுன்னு ஒர்க்‌ஷீட் சொல்லிக் குடுக்குது. முத்துச்சிப்பியில ரெண்டு ஓடும் ஒரே மாதிரி இருக்காது. இடது ஓடு கொஞ்சம் குழிவா இருக்கும், வலது தட்டையா இருக்கும். அளவு சரியா இருந்தும் மூடாது, ரெண்டும் இடதா இருந்தா. வாசல்ல கிடக்கிற செருப்பும் இதே கணக்குதான். ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஜோடி இல்ல, நொண்டணும்.

மத்தியானம் முட்டை குடுக்கும்போது அம்மா எண்ண மாட்டாங்க. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, தட்டுக்கு ஒரு முட்டை வைக்கச் சொல்லுவாங்க. மிச்சம் இருந்தா யாரோ வரல. தட்டு மிச்சம் இருந்தா முட்டை பத்தல. எண்ணத் தெரியாத பிள்ளைக்கே ரெண்டும் சமமா இல்லையான்னு தெரிஞ்சு போகுது. கல்லூரியில கேன்டர்னு ஒருத்தரைப் படிச்சிருப்பீங்க, முடிவில்லாத கணங்களை ஒப்பிடறதுக்கு அவர் புடிச்சதும் இதே ஒண்ணுக்கு ஒண்ணுதான். எங்கம்மா முட்டையை வச்சுச் செய்யறாங்க. பல்லாங்குழியில புளியமுத்தைக் குழிக்கு ஒண்ணாப் போட்டுக்கிட்டுப் போறதும் வேற என்ன?

சாக்குக்குத் திரும்புவோம். ஜோடி முடிஞ்சதும் அம்மா சொன்னது, "உங்க இஷ்டத்துக்குப் பிரிச்சு வைங்க. ஏன் அப்படி வச்சீங்கன்னு எனக்குச் சொல்லணும்." பிரிச்ச விதம் இருக்கே! ஒருத்தன் ஓட்டை இருக்கிறது, இல்லாதது. (சிப்பியில அச்சடிச்ச மாதிரி வட்ட ஓட்டை பார்த்திருப்பீங்க. ஒரு வகை நத்தை துளை போட்டு உள்ள இருக்கிறதைத் தின்னுடும். பிள்ளைங்களுக்கு அது நூல் கோக்கிற ஓட்டை.) ஒருத்தி காதுல வச்சா சத்தம் வர்றது, வராதது. ஒருத்தன் அம்மாவுக்கு, ஆச்சிக்கு. "ஆச்சிக்கு எதுக்குடா இது?"ன்னு கேட்டா "ஆச்சிக்குக் கண்ணு தெரியாது, பெருசாத்தான் குடுக்கணும்"ங்கிறான். அளவு வச்சுத்தான் பிரிச்சிருக்கான், காரணத்தை ஆச்சியில வச்சிருக்கான்.

ஒருத்தன் மட்டும் எல்லாத்தையும் ஒரே குவியலாக் கூட்டி வச்சுட்டு "எல்லாம் கடலு"ன்னான். நான் சிரிச்சேன். அம்மா சிரிக்கல. மிதவையை எடுத்துக் காட்டி "இது?"ன்னாங்க. பய யோசிச்சு அதைத் தள்ளி வச்சான். அப்புறம் கண்ணாடிக் கல்லையும்.

அதுக்கு அடுத்து அம்மா செஞ்சதுதான் எனக்குப் பாடம். எல்லாரும் பிரிச்சு முடிச்சு பெருமையா உக்காந்திருக்கும்போது, எல்லாத்தையும் கையால கலைச்சு விட்டாங்க. "இப்ப வேற மாதிரிப் பிரிங்க." ரெண்டு பேரு அழுதாங்க. மிச்சப் பேரு பிரிச்சாங்க. அதே சோழி காலையில 'சத்தம் வராதது', இப்ப 'வழவழ'. பொருள் மாறல, பார்க்கிற பார்வை மாறுது. நம்மளை மாதிரி பொட்டி தட்டுறவங்க பாஷையில, அதே டேபிளுக்கு வேற காலத்துல குரூப் பை. இதை நாலு வயசுல ஒரு தடவை செஞ்சு பார்த்த பிள்ளைக்கு, வகைங்கிறது பொருளுக்குள்ள இருக்கிற விஷயம் இல்ல, நாம போடுற கோடுன்னு எங்கேயோ ஒரு மூலையில தங்கும்னு நம்புறேன். சல்லடைப் பிள்ளைக்கு அது தெரிய வழியே இல்ல.

கல்வி படிச்சவங்க யாராவது வந்து பியாஜேயைப் படிச்சியாம்பீங்க. கொஞ்சம் படிச்சேன். 1941-ல வந்த அவரோட புத்தகத்துல ஒரு மணிச் சோதனை இருக்கு. எல்லாமே மரமணி, நிறையப் பழுப்பு, ரெண்டே ரெண்டு வெள்ளை. மரமணி அதிகமா, பழுப்பு மணி அதிகமான்னு கேட்பார். ஆறு ஏழு வயசு வரைக்கும் நிறையப் பிள்ளைங்க பழுப்புன்னுதான் சொல்லும். பகுதியையும் முழுசையும் ஒரே நேரத்துல மனசுல வச்சுக்க முடியலைன்னு அவர் முடிவு பண்ணினார். 1978-ல மார்கரெட் டொனால்ட்சன் எழுதின புத்தகத்துல இதுக்கு ஒரு மறுப்பு வருது. பொம்மை மாடுகளைப் படுக்கப் போட்டு, கறுப்பு மாடு அதிகமா, மாடு அதிகமான்னு கேட்டதோட, கறுப்பு மாடு அதிகமா, தூங்குற மாடு அதிகமான்னும் கேட்டிருக்காங்க. எல்லா மாடும் தூங்குது, அப்ப ரெண்டாவது கேள்வியும் முதல் கேள்வியும் ஒண்ணுதான். ஆனா ரெண்டாவதுக்குச் சரியான பதில் சொன்ன பிள்ளைங்க கணிசமா அதிகம். ஒத்தைச் சொல்லு மாறினா பிள்ளைக்குப் புத்தி வந்துடுது! நாம கேட்ட லட்சணம் அப்படி. அந்த ஒர்க்‌ஷீட்டை நினைச்சுக்கிட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். மாண்டிசோரி அம்மையார் 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர்ல மாட்டி 1946 வரைக்கும் இந்தியாவுல இருந்தவங்க. அவங்க சாமான்ல எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், ஒரே ஒரு குணம் மட்டும் மாறும். நிறப்பலகை முதல் பெட்டியில மூணே ஜோடி: சிவப்பு, நீலம், மஞ்சள். அளவு, வடிவம், எடை எல்லாம் ஒண்ணு. பிள்ளை கவனம் நிறத்துல மட்டும் நிக்கணும்ங்கிறதுக்காக. அது சரிதான். முத்து வியாபாரியும் மொதல்ல சல்லடையில அளவை மட்டும்தானே பிரிச்சாரு? அளவை ஒதுக்கி வச்சாத்தான் ஒளி கண்ணுக்குத் தெரியும். அதனால என் பாட்டில் மூடியைக் குப்பையில போடச் சொல்லல. ரெண்டரை மூணு வயசுல, நிறத்துக்குப் பேரு தெரியாத பிள்ளைக்கு அது வேணும். நாலு வயசுலயும் அதையே ஓட்டிக்கிட்டு, அதுக்கு மதிப்பெண்ணும் போடுறதுதான் எனக்குப் பிடிக்கல.

"உங்கம்மாவுக்குப் பன்னெண்டு பிள்ளை, எங்களுக்கு நாப்பது. எல்லாரையும் ஏன்னு கேட்டுக்கிட்டு உக்காந்தா சிலபஸ் யார் முடிக்கிறது?" இந்தக் கேள்வி வரும், நியாயமானதும்கூட. ஒரே டீச்சர், நாப்பது பிள்ளை, மாசக் கடைசியில பெற்றோருக்குக் காட்ட ஒரு ஃபைல். தாள் மேல ஒரு டிக் இருந்தாத்தான் காசு குடுத்தவனுக்குப் படிப்பு நடந்த மாதிரி தெரியுது. ஃபைல் கேட்கிறது நாமதான், அக்காவும் கேட்டவதான். ஆனா நாப்பது பேரையும் தினமும் கேட்க வேண்டாம். நாளைக்கு நாலு பேரு, அதுவும் கட்டத்துக்கு வெளியே ஒட்டினவங்களை மட்டும் கேட்டா போதும். தப்பு மாதிரி தெரியறது எங்கேயோ அங்கதான் கேள்வி தேவைப்படுது. சரியா ஒட்டினவன் யோசிச்சு ஒட்டினானா, பக்கத்துல பார்த்து ஒட்டினானான்னு தாளைப் பார்த்துச் சொல்லிடுவீங்களா?

அரசுப் பள்ளியில இந்தக் காத்து முன்னாடியே அடிச்சிருக்கு. 2007-08-ல செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க ஒண்ணுல இருந்து நாலாம் வகுப்பு வரைக்கும் வந்தப்ப நான் அஞ்சாவது. ஒரு வருஷத்துல கோட்டை விட்டவன்! 2022-ல எண்ணும் எழுத்தும் வந்தது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஆட்டமும் பாட்டும் சாமானுமாப் பாடம். பால்வாடியில சிப்பியைக் கொட்டுறாங்க, மாசம் ஆயிரக்கணக்குல வாங்குற இடத்துல தாளை ஒட்டச் சொல்றாங்க. கடக்கரைப் பிள்ளைக்கு எது நல்லதுன்னு அக்காகிட்ட அன்னைக்கு ராத்திரி கேட்டேன். பதில் சொல்லல. "அங்க இங்கிலீஷ் வருதுல்ல"ன்னு மட்டும் சொன்னா. அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல. இங்கிலீஷ் வந்ததாலதான நான் சென்னையில உக்காந்து இதை எழுதுறேன்.

எங்க ஊர்ல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் பத்து சல்லடையும் யாரு வீட்டுப் பரண்ல கிடக்கோ. ஆனா மீன் ஏலத்துக்குக் காலையில போய்ப் பாருங்க. பெட்டியைக் கவுத்துக் கொட்டினதும் பொம்பளையாளுங்க கை என்ன வேகத்துல ஓடுது! சாளை தனி, நெத்திலி தனி, காரல் தனி. அதுக்குள்ள பெருசு, பொடிசு. அதுக்குள்ள செவுள் செவப்பா இருக்கிறது, வெளுத்தது. ஏலத்துக்கு, கருவாட்டுக்கு, கோழித் தீவனத்துக்கு. மூணு அடுக்கு வகைப்பாடு, மூணு நிமிஷம். மருமகன் பொறந்ததுல இருந்து அந்தக் கையைப் பார்த்துக்கிட்டு வளர்ந்தவன். அவனுக்குத்தான் வகை பிரிக்கத் தெரியலைன்னு தாள்ல எழுதிக் குடுத்திருக்காங்க.

அக்கா சண்டைக்குக் கிளம்பினா. அம்மாதான் தடுத்து, "நீ பேசாத, அவனைக் கூட்டிட்டுப் போய் அவனையே சொல்லச் சொல்லு"ன்னாங்க. போனாங்க. சொன்னானாம். அந்த மிஸ்ஸும் சிரிச்சுட்டு, "ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையே"ன்னு கன்னத்தைக் கிள்ளினாங்களாம். நல்லவங்கதான். ஆனா குறி அப்படியேதான் இருக்கு, ஃபைலுக்குள்ள போயிருச்சு.

போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசினான்.

"மாமா, நான் இப்ப நண்டை மீனுகூடவே ஒட்டிட்டேன். மிஸ்ஸு டிக் போட்டாங்க."

"ஏம்ல, வலையக் கடிக்காதா?"

"இது பேப்பர் நண்டு மாமா."

டிஸ்கி: சிப்பி, சோழி வச்சு வீட்ல முயற்சி பண்றவங்களுக்கு ஒரு விஷயம். மூணு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க இருந்தா பொடிசு எதுவும் வேண்டாம், நேரா வாய்க்குத்தான் போகும். உடைஞ்ச முனை இருக்கான்னு ஒவ்வொண்ணாத் தடவிப் பார்த்துட்டுக் குடுங்க. கொதிதண்ணியில ஒரு தடவை போட்டு எடுத்து நல்லாக் காய வைங்க, இல்லைன்னா மூணாவது நாள் வீடு முழுக்க நாறும். அனுபவம் :-)